மிஷின் வராத வேலை

மனுசன் மனுசனைத் தூக்கிக்கொண்டு மலை ஏறிய பாதை ஒன்று கொடைக்கானலில் உண்டு. பெரியகுளம் பக்கம் அடிவாரத்துத் தோப்பில் தொடங்கி மேலே ஏறும் பழைய பாதை. இன்றைக்கும் அதற்குக் 'கூலி காட்' என்றுதான் பெயர். 1845-இல் அமெரிக்க மிஷன் பாதிரிமார் கீழ்நாட்டுக் காய்ச்சலுக்குப் பயந்து மலைமேல் வீடு கட்டினார்கள். அதற்கப்புறம் ஏறக்குறைய எழுபது வருசம் துரைமாரும் துரைசானிமாரும் பிள்ளைகளும் அந்தப் பாதையில் நாற்காலியிலும் டோலியிலும் போனார்கள். சிலர் குதிரையில் போனார்கள். கட்டில், பெட்டி, சமையல் சாமான் எல்லாம் தலைச்சுமையாகப் போயின.

கொடைக்கானல் வரலாறு எழுதியவர்கள் முதல் வீட்டைக் கட்டியவர் யார், ஏரியை உண்டாக்கியவர் யார் என்று பேர் பேராக எழுதியிருக்கிறார்கள். நாற்காலி தூக்கியவன் பேர் ஒன்றுகூட எனக்கு அகப்படவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் ஒரு பேர் உண்டு. என் அப்பத்தாவைப் பெத்த அய்யா அந்த வேலை பார்த்தவர். "எங்கய்யாவுக்கு ரெண்டு தோள்லயும் மாட்டுக் கழுத்து மாதிரி காய்ப்பு. தொட்டா கல்லு மாதிரி இருக்கும்" என்று அப்பத்தா சொல்லும்.

1914-16 வாக்கில் வத்தலக்குண்டு வழியாக மலைச்சாலை முழுசாகத் திறந்தது. லாஸ் காட் என்று வெள்ளைக்காரன் பேர் வைத்தான். மோட்டார் ஏறியது. நாற்காலி தூக்கும் வேலை போய்விட்டது. அதைப் பற்றி அவர் என்ன சொன்னார் என்று அப்பத்தாவிடம் கேட்டேன். "தோள்வலி போச்சு, கஞ்சியும் போச்சுன்னு சொல்லுவாரு" என்றது.

மிஷின் வந்தால் உழைக்கிறவனுக்கு என்ன ஆகும் என்பது பற்றிப் பெரிய பெரிய புத்தகங்கள் வருகின்றன. அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் பாதி விசயம் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். மீதிப் பாதி இது: மோட்டார் வந்தபோது டிரைவர் வேலை வந்தது, கிளீனர் வேலை வந்தது, டிக்கெட் கிழிக்கிற வேலை வந்தது, பஸ் முதலாளி வந்தார், பெட்ரோல் விற்கிற கடை வந்தது. நாற்காலி தூக்கியவரை இதில் ஒன்றுக்கும் யாரும் கூப்பிடவில்லை. பாதை அவருக்கு அத்துப்படி. ஆனாலும் கூப்பிடவில்லை. அவர் காபித் தோட்டத்தில் குழி வெட்டப் போனார். பழைய வேலை போனதற்கு மோட்டார் காரணம். புது வேலை கிடைக்காததற்கு மோட்டார் காரணமில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் இதைத்தான் விளக்குகிறார். ஒரு தொழில் நசிந்தால் இன்னொரு தொழிலுக்கு மாறிப் பிழைப்பது மனித இயல்பு. அந்த மாற்றத்தைச் சாதி தடுக்கிறது, ஆகவே வேலையில்லாத் திண்டாட்டத்துக்குச் சாதியே நேரடிக் காரணமாகிறது என்பது அவர் வாதம். 1945-இல் காங்கிரசையும் காந்தியையும் விமர்சித்து எழுதிய நூலில், இயந்திரத்தைக் குற்றம் சொல்லும் காந்தியத்தை மறுத்தார். கேடு இயந்திரத்தில் இல்லை, அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும் சமூக ஏற்பாட்டில் இருக்கிறது என்றார். மனிதனுக்கு ஓய்வும் பண்பாடும் வேண்டுமானால் இயந்திரம் வேண்டும் என்றார். ஒடுக்கப்பட்டவர் பக்கமிருந்து இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. நானும் மோட்டாருக்கு எதிரி இல்லை. என் பூட்டன் தோளில் இருந்து துரைசானியை இறக்கி வைத்தது அதுதான்.

இப்போது 'செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, வேலையெல்லாம் போகப் போகிறது' என்று பத்திரிகைகள் பதறுகின்றன. நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு ஆபத்து வந்ததும் பதற்றம் வருகிறது. நாற்காலியைத் தூக்கியவன் வேலை போனபோது ஒரு வரி எழுத ஆள் இல்லை. ஆகவே நம்ம சனத்தின் பக்கம் நின்று கேட்க வேண்டிய கேள்வி வேறு. மிஷின் எந்த வேலைக்குச் சீக்கிரம் வருகிறது? எந்த வேலைக்கு வரவே மாட்டேன் என்கிறது? வேலை மாறும்போது யார் எங்கே போய்ச் சேர்கிறார்கள்? பழனி மலையில் நின்று பார்த்தால் இதற்கெல்லாம் பதில் தெரிகிறது.

*

மிஷின் மட்டும்தான் வேலையைப் புரட்டிப் போடும் என்றில்லை. ஒரு செடிக்கு வந்த நோயும் புரட்டிப் போடும். என் அம்மாச்சி வழிக் கதை அது.

இலங்கையில் முதலில் இருந்தது தேயிலை இல்லை, காபி. தமிழ்நாட்டுச் சேரிகளில் இருந்து சனங்கள் காபிப் பழம் பறிக்கப் போனார்கள். பறிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். 1869-இல் இலைத்துரு நோய் கண்டது. பத்துப் பதினைந்து வருசத்தில் காபி சரிந்தது. அதே சமயம் இந்தப் பக்கம் 1876-78 தாது வருசப் பஞ்சம். அங்கே செடி சாகிறது, இங்கே மனுசன் சாகிறான். துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். தேயிலைக்கு வருசம் முழுக்க ஆள் வேண்டும், அதிலும் கொழுந்து கிள்ளப் பெண்கள் வேண்டும். அதனால் வந்து போய்க்கொண்டிருந்த கூலிகள் குடும்பத்தோடு லயத்தில் அடைபட்டார்கள். ஒரு பூஞ்சைக் காளான் லட்சக்கணக்கான சனங்களின் வாழ்க்கையை மாற்றி எழுதியது. அப்படி அடைபட்டவர்களில் பெரும்பாலோர் தலித்துகள்.

1948-இல் அந்த நாடு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3 லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று மூட்டைக் கணக்கு மாதிரிப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்ட சனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் அம்மாச்சி தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பேர் பதிந்து, கடைசியில் கொடைக்கானல் மலையில் வந்து விழுந்தது.

மேல்பழனி மலையின் புல்வெளிகளை மூடி வாட்டிலும் தைல மரமும் நட்டு வைத்திருந்தார்கள். வாட்டில் பட்டை தோல் பதனிட ஆகும். மரத்தை வெட்ட, பட்டை உரிக்க ஆள் வேண்டியிருந்தது. கான்டிராக்டர்கள் தாயகம் திரும்பியவர்களைத் தேடி வந்தார்கள். முன்பணம் கொடுத்தார்கள். காட்டுக்குள் பிளாஸ்டிக் தாளும் புல்லும் வேய்ந்த குடிசை, கொட்டும் மழை, உறையும் பனி. முன்பணம் கழியவே கழியாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் 1980-களில் இந்த மலையில் கொத்தடிமைகளாக இருந்த தாயகம் திரும்பியவர்களின் நிலைமையை வெளியே கொண்டுவரப் போராட வேண்டியிருந்தது. "சிலோன்ல கங்காணி கணக்கு எழுதுனான், இங்க கான்டிராக்டர் எழுதுனான். நோட்டுத்தான் வேற" என்று அம்மாச்சி சொல்லும்.

இந்த மலைக்கு அடிமைத்தனம் புதுசும் இல்லை. மேல்மலைக் கிராமங்களில் நிலம் வைத்திருந்த குடிகளிடம் புலையர்கள் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாட்களாகக் கட்டுண்டு கிடந்ததை வெள்ளைக்காரன் காலத்து மாவட்டக் குறிப்புகளே பதிவு செய்திருக்கின்றன. ஒரு கூட்டம் ஏற்கெனவே கட்டிக் கிடந்த இடத்துக்கு இன்னொரு கூட்டத்தைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து கட்டினார்கள்.

*

அடுத்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனாலும் இந்தக் கோணத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் ஊரில் பாதரச தெர்மாமீட்டர் செய்த ஆலையை மூடி, அந்த இயந்திரங்களைக் கொண்டுவந்து 1983-இல் கொடைக்கானலில் வைத்தார்கள். பாண்ட்ஸ் கம்பெனி. பிறகு அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. தெர்மாமீட்டர் பெரும்பாலும் வெளிநாட்டுக்குப் போனது. மலையில் அதுவரைக்கும் தோட்டக் கூலியும் மரம் வெட்டும்தான். 'பேக்டரி வேலை' என்றால் மாதச் சம்பளம், யூனிபார்ம், கல்யாணத்துக்குப் பெண் கிடைக்கும் என்கிற மரியாதை. இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள்.

2001 மார்ச்சில், நகருக்குள் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு சுமார் 7.4 டன் கிடந்ததை ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிப்படுத்தினார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவை அமெரிக்காவுக்கே திருப்பிக் கப்பலேற்றினார்கள். பாதரசத்தால் உடம்பு கெட்டது என்று முன்னாள் தொழிலாளர்கள் பதினைந்து வருசம் போராடினார்கள். அப்படிக் கேடு எதுவும் நிரூபணமாகவில்லை என்று கம்பெனி தன் ஆய்வுகளைக் காட்டிச் சொல்லிவந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள் தரப்போடு உடன்படிக்கை ஆனது.

இப்போது பாருங்கள். மினமாட்டா உடன்படிக்கை 2013-இல் உருவாகி, 2017-இல் நடைமுறைக்கு வந்தது. பாதரச தெர்மாமீட்டர் உற்பத்தியை 2020-க்குள் நிறுத்த வேண்டும் என்றது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் வந்துவிட்டது. கையில் பாதரசம் படாமல் ஜுரம் பார்க்கலாம். நல்ல விசயம். ஆனால் அந்தப் புதுப் பொருளைச் செய்யும் வேலை கொடைக்கானலுக்கு வரவில்லை. ஆபத்தான பழைய தொழில் மலையேறி வந்தது. ஆபத்தில்லாத புதுத் தொழில் வேறு ஊருக்குப் போனது. மலைக்கு மிஞ்சியது பாதரசம் ஊறிய மண். உலகத்தில் ஒரு தொழில் முன்னேறும்போது அதன் கசடு இறங்குகிற இடம் என்று ஒன்று இருக்கிறது. உயிர் மலிவாகக் கிடைக்கிற இடம் அது.

*

வானம் மாறிவிட்டதைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை பக்கமெல்லாம் காபி, மிளகு, வாழை, ஆரஞ்சு. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்தால் காபி பூக்கும். அது தப்பினால் அந்த வருசம் பழம் குறையும். பழம் சிவக்கிற கார்த்திகை மார்கழியில் அடைமழை பிடித்தால் பழம் வெடித்து உதிரும், களத்தில் காய வைத்தது பூசணம் பிடிக்கும். "முன்னல்லாம் மானத்தப் பாத்துச் சொல்லிருவோம், இப்ப மானத்துக்கே தெரியல" என்கிறது என் அம்மா. நாற்பது வருசமாகப் பழம் பறிக்கிற கை அது.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறித் திண்டுக்கல் வழியாக மேற்கே போனது. கடலைப் பார்க்காத எங்கள் மலைக்குக் கடல் புயல் வந்தது. மரங்கள் சாய்ந்தன, சாலைகள் அறுந்தன, கரண்டு இல்லை. அதிகாரிகள் கணக்கெடுக்க வந்தார்கள். சிட்டா எங்கே, அடங்கல் எங்கே என்றார்கள். பயிர்ச் சேத நிவாரணம் எந்தப் புயலுக்கும் அப்படித்தான். நிலத்தின் பேரில் வரும். சாய்ந்த மரத்துக்குப் பணம் உண்டு. அந்த மரத்துக்குக் கீழே பழம் பறித்தவளுக்கு, அடுத்த நாலு மாசம் அந்தத் தோட்டத்தில் வேலை இல்லாமல் போனவளுக்குப் பணம் இல்லை. அவள் இழந்ததை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

நிலம் ஏன் நம் பேரில் இல்லை என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையும், 1892-இல் வந்த பஞ்சமி நில உத்தரவும், அந்த நிலங்கள் பிறகு யார் கைக்குப் போயின என்பதும் நீங்கள் அறிந்ததே. அன்றைக்குப் பறிபோன நிலம் இன்றைக்குப் புயல் நிவாரணத்திலும் சேர்ந்தே பறிபோகிறது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பருவநிலை மாற்றம் எல்லாரையும் பாதிக்கும் என்று மேடையில் பேசுகிறார்கள். மழை எல்லார் மேலும்தான் பெய்கிறது. பட்டா உள்ளவர் நனைந்ததற்கு ரசீது உண்டு.

விளைச்சல் நிச்சயமில்லை என்றதும் தோட்டக்காரர்கள் கூலியைக் குறைக்கப் பார்க்கிறார்கள். அப்போது மிஷின் வருகிறது. புல் வெட்டும் மிஷின் வந்தபிறகு, பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து செய்த களையெடுப்பை ரெண்டு ஆண்கள் முடித்துவிடுகிறார்கள். மிஷின் ஆண்கள் தோளில்தான் தொங்குகிறது. 'பொம்பளைக்கு மிஷின் தூக்க வராது' என்கிறார்கள். முப்பது கிலோ பழமூட்டையைத் தலையில் வைத்துச் சரிவில் ஏறுகிறவளிடம் இதைச் சொல்கிறார்கள். நாற்காலி தூக்கியவரிடம் இருந்து டிரைவர் வேலையைச் சாதி மறித்தது. அவர் பேத்தி மருமகளிடம் இருந்து புல் மிஷினை ஆம்பளைத்தனமும் சேர்ந்து மறிக்கிறது.

மிஷின் கங்காணியாகவும் வந்துவிட்டது. 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் நம் பெண்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தோட்டக்காரரிடம் 'இந்தக் கூலிக்கு வரமாட்டேன்' என்று சொல்ல ஒரு தெம்பைக் கொடுத்தது. 2023 ஜனவரி முதல் வேலைத்தளத்தில் தினம் ரெண்டு முறை செல்போனில் போட்டோ எடுத்து ஏற்றினால்தான் வருகை என்றார்கள். டவர் எட்டாத மலைச்சரிவில் போட்டோ எப்படி ஏறும்? வேலை செய்த உடம்பு கண்முன்னால் நிற்கிறது, படம் ஏறவில்லை என்றால் வரவில்லை என்று அர்த்தம். அந்தச் சட்டத்தையே மாற்றி 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வேறு சட்டம் நிறைவேற்றிவிட்டது. நம் வேலையைக் குறைக்க மிஷின் வரத் தாமதமாகலாம். நம்மைக் கண்காணிக்க அது ஒரு நாளும் தாமதித்ததில்லை.

*

இனி என் சின்னம்மா மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பி பேரை எழுத மாட்டேன். பேர் எழுதினால் அடுத்த நாள் அவனுக்கு வேலை இருக்காது.

அவன் அய்யா பேரூராட்சி ஒன்றில் தோட்டி வேலை பார்த்தவர். 'என் மகன் வாளியத் தொடக்கூடாது' என்று சொல்லியே செத்தார். தம்பி பன்னிரண்டாவது படித்தான். கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் ரூம் பாயாகச் சேர்ந்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை. பத்து வருசம் பெட்ஷீட் விரித்தான். ஹிந்தியும் கொஞ்சம் இங்கிலீஷும் பேசினான். எங்கள் குடும்பத்தில் முதல் தடவையாக ஒருத்தன் சாதித் தொழிலை விட்டு வெளியே வந்துவிட்டான் என்று நாங்கள் எல்லாருமே சந்தோசப்பட்டோம்.

2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். கொடைக்கானல் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது. டூரிஸ்ட்டை நம்பிய ஊர். குதிரைக்காரன், படகுக்காரன், சாக்லேட் கடைக்காரன், டாக்சிக்காரன் எல்லாருக்கும் அடி. ஆனால் அடி ஒன்றுபோல விழவில்லை. நிலம் உள்ளவன் கேரட், பூண்டு போடப் போனான். சொந்த வீடு உள்ளவன் அதை அடகு வைத்தான். சாதிச் சனம் கடை வைத்திருந்தவன் அங்கே ஒட்டிக்கொண்டான். தம்பிக்கு இதில் எதுவும் இல்லை. ஊர் திறந்தபோது ஓட்டல் பாதி ஆளைத்தான் திரும்ப எடுத்தது. ரூம் புக் பண்ண ஆப், கதவு திறக்க நம்பர், கணக்கு எழுதக் கம்ப்யூட்டர். அவனைக் கூப்பிடவில்லை.

ஆறு மாசம் கழித்து வேறொரு இடத்தில் இருந்து போன் வந்தது. ஒரு காட்டேஜில் செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது. சரிவில் இருக்கிற கட்டிடம். கழிவு உறிஞ்சும் லாரி ரோட்டோடு நின்றுவிடும், குழாய் எட்டாது. ரெண்டு ஆள் வாளியோடு வேண்டும். அவன் நம்பரை எப்படிப் பிடித்தார்கள்? யாரும் 'நீ என்ன சாதி' என்று கேட்கவில்லை. 'எந்தத் தெருப் பையன்' என்று கேட்டிருக்கிறார்கள். அவ்வளவு போதும்.

"பத்து வருசம் வெள்ளைச் சட்டை போட்டேன்க்கா. எனக்கே மறந்து போச்சு. அவுகளுக்கு மறக்கல" என்றான் தம்பி.

குழந்தைக்குப் பால் வாங்கக் காசு இல்லாத மாசம் அது. போனான். மூடியைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். கூடப் போனவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார், பாதியில் தலை சுற்றி மடங்கினார், இழுத்துப் போட்டார்கள். பிழைத்தார். மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் ரெண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் தம்பி குழிக்குள் இறங்குவதில்லை என்கிறான். ஆனால் ஒவ்வொரு சீசன் முடிந்ததும் அவனுக்குப் போன் வருகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் அவன் போனை எடுக்காவிட்டால் எனக்குக் கை நடுங்குகிறது.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 1993-இல் வந்தது. குழிக்குள் இறக்குவதையும் சேர்த்து 2013-இல் புதுச் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சம் ஆக்கியது. உத்தரவுகளில் தொகை ஏறுகிறது. இறங்குகிறவன் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறான். மத்திய அரசு விவரம் சேகரித்த சுமார் 38,000 கழிவுநீர், செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் ஏறக்குறைய 69 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர் என்று 2024-இல் செய்தி வந்தது. கொரோனா சமயத்தில் துப்புரவுத் தொழிலாளர் என்ற பேரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று தமிழ்நாட்டு அரசு மாற்றியது. கை தட்டினார்கள், காலில் பூப்போட்டார்கள். குழிக்குள் பேர் மாறியதால் காற்று மாறவில்லை.

மிஷின் இல்லையா? இருக்கிறது. கேரளத்து இளம் இன்ஜினீயர்கள் செய்த 'பேண்டிகூட்' என்ற ரோபோ 2018-லேயே திருவனந்தபுரத்தில் பாதாளச் சாக்கடையில் இறங்கியது. சென்னை ஐஐடியிலும் செப்டிக் டேங்குக்கென்று ஒரு ரோபோ செய்திருக்கிறார்கள். சரிவில் எட்டாத இடத்துக்கு நீளக் குழாயும் சிறிய மோட்டாரும் போதும். நிலாவுக்குப் போகிற கணக்கெல்லாம் வேண்டியதில்லை. ஓட்டல் வரவேற்பறைக்கு நம்பர் பூட்டு வந்துவிட்டது. வண்டி ஏறி வர 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்துவிட்டது. எந்த நாள் எத்தனை வண்டி மலை ஏறியது என்று கணக்குச் சொல்ல முடிகிறது. அத்தனை பேர் கழிவும் எந்தக் குழியில், யார் கையால் எடுக்கப்பட்டது என்று சொல்ல முடியவில்லை.

மிஷினுக்கு விலை உண்டு. ஒரு மனுசனை வாளியோடு இறக்குவது அதைவிட மலிவாக இருக்கிற வரைக்கும் மிஷின் வராது. அந்த மனுசன் மலிவாகக் கிடைப்பது எப்படி? தோட்டத்தில் புல் மிஷின் வந்ததால், புயலில் பழம் உதிர்ந்ததால், ஊரடங்கில் ஓட்டல் ஆளைக் குறைத்ததால், நூறு நாள் வேலையில் படம் ஏறாததால் அவன் மலிவாகிறான். இதெல்லாம் தனித்தனிச் சேதிகளாகப் பேப்பரில் வருகின்றன. எங்கள் தெருவில் எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. நெருக்கடி வந்தால் மற்றவர்கள் ஒரு படி இறங்குகிறார்கள். நம்மவர்களைச் சாதி பிடித்து, தாத்தா நின்ற இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது.

*

ஆகவே நாம் என்ன கேட்பது?

நிவாரணம் நிலத்தின் பேரில் மட்டும் வரக்கூடாது, இழந்த வேலை நாளின் பேரிலும் வர வேண்டும். புயல், வறட்சி, ஊரடங்கு எதுவானாலும் கூலியாட்களின் பதிவேடு ஊராட்சியில் இருக்க வேண்டும். தோட்டத்துக்கு வரும் மிஷினைப் பெண்களுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மலையில் காட்டேஜ் கட்ட அனுமதி கேட்கிறவர் தன் கழிவுத்தொட்டிக்கு மிஷின் எட்டும் வழியைக் காட்ட வேண்டும். எட்டாது என்றால் அந்தச் சரிவில் கட்டிடம் வேண்டாம். மனுசன் இறங்கித்தான் ஆக வேண்டும் என்கிற கட்டிடத்துக்குக் கட்டுமான அனுமதி எதற்கு?

மிஷினின் சொந்தக்காரர் யார் என்பதும் கேள்வி. 2019-இல் டெல்லியில் கழிவுநீர் அகற்றும் 200 வண்டிகளைத் துப்புரவுத் தொழிலாளர் தரப்புக்கே சொந்தமாக்கும் திட்டம் தொடங்கியது. சென்னையிலும் அப்படியொரு திட்டம் வந்தது. நல்ல தொடக்கம்தான். ஆனால் நம் தோழர்களோடு எனக்கு இதில் ஒரு வழக்கு உண்டு. குழிக்குள் இறங்கியவன் குழி மிஷினுக்கு முதலாளி ஆவது உயிரைக் காக்கும். காக்கட்டும். ஆனால் ஓட்டலுக்கும், டாக்சிக்கும், காபி பல்ப்பருக்கும், குளிர்பதனக் கிடங்குக்கும் அவன் முதலாளியாக முடியாது, கழிவுக்கு மட்டும் ஆகலாம் என்றால், தொழில் மாறியிருக்கிறது, பிரிவினை மாறவில்லை. மிஷின் கொடுக்கிறபோதும் சாதி பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

போன மாசம் மலையில் எங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினோம். இருபது பெண்கள், ஏழெட்டு ஆண்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து, "மிசினு வரட்டும்த்தா. ஆனா மொதல்ல எங்க வரணும்னு நாமதான் சொல்லணும்" என்றது. அதையே தீர்மானமாக எழுதினோம். முதல் மிஷின் செப்டிக் டேங்குக்கு என்று எழுதி, எல்லாரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தோம். மனுவை அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொண்டுபோகிறோம். தம்பியும் வருகிறான்.